சும்மா போய்வருதல்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பையோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "எங்கக்கா கெளம்பிட்டீங்க?" என்பது. அதற்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு, ஆத்தா வீட்டுக்கு, கேதத்துக்கு, கல்யாணத்துக்கு, பழநிக்கு நேர்த்திக்கடன் செலுத்த. இவற்றில் எதைச் சொன்னாலும் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "சும்மாதான், ஒரு ரெண்டு நாள் ஊர் பார்த்துட்டு வரலாம்னு" என்று ஒரு பெண் சொன்னால் பேச்சு அங்கே முடியாது. கூட யார் வருகிறார்கள், வீட்டில் யார் சமைப்பார்கள், புருஷன் என்ன சொன்னார் என்று கேள்விகள் வரிசையாக வரும். அதே நிறுத்தத்தில் நிற்கும் ஆண் "சும்மாதான்" என்று சொன்னால் அது முழுமையான பதில்.

விடுமுறையின் வரலாறு என்றால் நமக்கு ஐரோப்பாவின் பழைய நகரங்கள் நினைவுக்கு வரும். வசந்த காலத்தில் நாலு நாள், கல் பாவிய தெருக்கள், கோட்டை, தேவாலயம், மாலையில் காப்பி. அந்த வரலாற்றை எழுதியவர்கள் பலர். நம் பக்கத்துப் பெண்களுக்கும் இளவேனிலில் ஒரு பழைய நகரத்துக்குப் போய்வந்த வரலாறு உண்டு. அதை யாரும் விடுமுறை என்று அழைக்கவில்லை என்பதால் அது விடுமுறையின் வரலாற்றில் சேரவில்லை. பெண்கள் எந்தப் பெயரைச் சொல்லி வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள், எந்தச் சாலையில் போனார்கள், எங்கே தங்கினார்கள், யார் வரவே முடியவில்லை என்று திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால், ஓய்வு என்பது எப்படிப் பங்கிடப்பட்டது என்பது தெரியும்.

சாலையும் சத்திரமும்

பயணத்துக்கு முதலில் வேண்டியது சாலை. அடுத்தது, இருட்டினால் தங்க ஓர் இடம். இந்த இரண்டுக்காகவும் தமிழ்நாட்டின் தென்பகுதி இன்றுவரை நினைவில் வைத்திருக்கும் பெயர் ஒரு பெண்ணுடையது. மதுரை நாயக்கர் அரசில் பேரனுக்காக 1689 முதல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி மங்கம்மாள். கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தபோது உடன்கட்டை ஏறாதவர். மகனை அம்மைக்குப் பறிகொடுத்தவர். அவர் போட்ட சாலைகளை மக்கள் 'மங்கம்மாள் சாலை' என்றே அழைத்தார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் பெயர் மாறாமல் நிற்கிறது. திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிகளையும் அவர்தான் வெட்டினார் என்று ஊரில் சொல்வார்கள்.

சத்திரம் என்ற சொல் இந்தச் சமவெளியின் ஊர்ப்பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குப் போகும் வழியில் ஒட்டன்சத்திரம். இன்று காய்கறிச் சந்தைக்குப் பேர்போன அந்த ஊர், பெயரில் இன்னமும் வழிப்போக்கருக்கான ஊர்தான். ஆனால் சத்திரங்களின் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. பலவற்றில் சாப்பாடு பார்ப்பனருக்கு மட்டும். சிலவற்றில் சாதிக்கொரு இடம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்குச் சாலையோர மரத்தடிதான் சத்திரம். சாலையை ஒரு பெண் போட்டார் என்பதாலேயே அது பெண்களின் சாலையாக ஆகிவிடவில்லை. அரசி ஒருத்தி ஆட்சி செய்த காலம் பெண்களின் காலம் என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். சாலையில் யார் நடந்தார்கள், யார் தோளில் எதைச் சுமந்துகொண்டு நடந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு அரசி இதே சாலைகளில் வேறு காரணத்துக்காக வந்தார். 1772இல் காளையார்கோவிலில் கும்பினிப் படையால் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு சிவகங்கையைவிட்டுக் கிளம்பினார். திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் நடுவே இருக்கும் விருப்பாட்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். திண்டுக்கல் அப்போது மைசூரின் ஹைதர் அலி கையில். அவருடைய படை உதவியைப் பெற்று 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைச் சில புத்தகங்கள் 'தங்கியிருந்தார்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றன. அது தங்கல் இல்லை, தலைமறைவு. படை திரட்டும் வேலை. வீடில்லாமல் ஒரு பெண் குழந்தையை வளர்க்கும் வேலையும்தான். அதே ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் என்பதால்தான் திண்டுக்கல்லின் ஒரு பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர் என்பார்கள். ஊரைவிட்டு ஊர் வந்த பெண்களின் பெயர்கள் இந்த ஊரின் மண்ணில் இருக்கின்றன. அவர்களில் யாரும் இளைப்பாற வந்தவர்கள் இல்லை.

சித்திரையில் மதுரைக்கு

திண்டுக்கல் சமவெளிப் பெண்கள் இளவேனிலில் போய்வந்த பழைய நகரம் மதுரை. சுமார் 60 கிலோமீட்டர். அறுவடை முடிந்து, வேலை குறைந்து, வெயில் ஏறத் தொடங்கும் நாட்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழநி, சித்திரைக்கு மதுரை. மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் முன்பு தனித்தனி விழாக்கள். கல்யாணம் மாசியில் நடந்தது. அழகர் தேனூருக்குப் போனார். இரண்டையும் 17ஆம் நூற்றாண்டில் சித்திரையில் ஒன்றாக்கியவர் திருமலை நாயக்கர். அரசனுக்கு அதில் அரசியல் கணக்கு இருந்தது. சைவ, வைணவக் கூட்டங்கள் ஒரே ஊரில், ஒரே வாரத்தில். பெண்களுக்குக் கிடைத்தது வேறொன்று. வீட்டைவிட்டு இரண்டு மூன்று நாள் வெளியே இருக்க, யாரும் மறுக்க முடியாத ஒரு காரணம்.

வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். கட்டுச்சோறு, புளியோதரை, ஒரு மாற்றுச்சேலை. வைகை மணலில், மண்டகப்படிப் பந்தலில், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுக்கை. ராத்திரி முழுவதும் விழித்திருக்கலாம். வளையல் வாங்கலாம், ராட்டினம் ஏறலாம், முன்பின் தெரியாத பெண்களோடு பேசலாம். வருஷத்தில் மற்ற நாட்களில் 'பொழுது சாய்ந்தபின் வெளியே என்ன வேலை' என்று கேட்கிற வீடு, அந்த இரண்டு ராத்திரி மட்டும் கேட்காது. பக்தி இதில் பொய் இல்லை. ஆனால் பக்தியோடு சேர்ந்து வேறொன்றும் கிடைத்தது. அதற்குப் பெயர் வைக்காமல் இருப்பதில்தான் அதன் பாதுகாப்பு இருந்தது.

இந்தப் பயணமும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்று அல்ல. மீனாட்சி கல்யாணத்தன்று சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். கணவனை இழந்தவளுக்கு அந்த நாளில் கூட்டத்தின் ஓரம்தான். மாதவிலக்கு நாட்கள் தேதியோடு மோதினால் பயணமே இல்லை. இன்று அதைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். உடம்பிடமே விடுப்பு கேட்டு எடுக்கும் விடுமுறை இது. தலித் பெண்ணுக்கும் நாடார் பெண்ணுக்கும் 1939 ஜூலை 8 வரை மீனாட்சி கோயில் வாசலோடு சரி. அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நடந்த அந்த நாளுக்கு முன்னால், அவர்களுக்கு மதுரைத் திருவிழா என்பது தெருவும் ஆறும்தான். அழகர் தன் கோயிலைவிட்டுத் தானே வெளியே வந்து ஆற்றில் நிற்கிறார் என்பதை அந்தப் பெண்கள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே விடாத ஊரில், வெளியே வருகிற சாமி.

பெண்கள் பெட்டி

1875இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. வண்டி மாட்டின் வேகத்தில் அளக்கப்பட்ட தூரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ரயில் பெண்களை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. 1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும், அதிலுள்ள மிகக் கீழ் வகுப்பில், குறைந்தது ஓர் அறை பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். ரயில் 50 மைலுக்கு மேல் ஓடுமானால் அந்த அறையில் கழிப்பறையும் இருக்க வேண்டும்.

இந்தச் சட்டப்பிரிவின் பின்னால் இருந்தது பெண்களின் ஓய்வைப் பற்றிய அக்கறை அல்ல. கோஷா, மானம், குடும்பக் கௌரவம் பற்றிய கவலைதான். ஆனாலும் விளைவு பெரியது. துணைக்கு ஆண் இல்லாமல் நாலு பெண்கள் ஒன்றாகப் போவதைக் கற்பனை செய்யக்கூடிய ஓர் இடம் சட்டத்தால் உருவானது. கழிப்பறை பற்றிய அந்த ஒரு வரியைச் சிறியதாக நினைக்க வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டே போய்வரும் பழக்கம் இன்றும் நம் அம்மாக்களிடம் இருக்கிறது. பெண்ணின் பயண தூரத்தை நிர்ணயித்ததில் சாலைக்கு இருக்கும் பங்கு கழிப்பறைக்கும் உண்டு.

மலைக்குப் போனவர்களும் தூக்கிப் போனவர்களும்

இதே சமவெளியில் விடுமுறை என்ற சொல்லுக்கு முழுப் பொருளோடு வாழ்ந்த பெண்களும் இருந்தார்கள். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள், காலராவும் காய்ச்சலும் தங்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போவதைக் கண்டு, 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கில அதிகாரியின் முயற்சியில் ஏரி அமைந்தது. கோடை தொடங்கியதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலையேறின. ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, வண்டியில் மலையடிவாரம், அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. 1910களில் மலைச்சாலை திறக்கும்வரை பெண்களும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் ஆள் தோளில் போனார்கள். அந்த ரயில் நிலையத்தின் பெயரே கொடைக்கானல் ரோடு என்றானது.

ஏரி உருவான அதே 1863இல் ஐரோப்பாவில் இன்னொன்று நடந்தது. தாமஸ் குக் சுவிட்சர்லாந்துக்கு முதல் வழிகாட்டிச் சுற்றுலாவை நடத்தினார். அதில் போன ஜெமைமா மோரெல் என்ற ஆங்கிலப் பெண் ஒரு பயணக் குறிப்பு எழுதினார். தனியாகக் கிளம்பினால் பேச்சு வரும் என்ற நிலையில் இருந்த திருமணமாகாத நடுத்தர வர்க்கப் பெண்களுக்கு, நடத்துநரோடு கூடிய குழுப்பயணம் ஒரு வழியைத் திறந்தது. நம் பெண்கள் பழநிக்குக் குழுவாகப் போனதற்கும் அவர்கள் ஆல்ப்ஸுக்குக் குழுவாகப் போனதற்கும் அடியில் இருப்பது ஒரே கட்டுப்பாடு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர்கள் 'பார்க்கப் போகிறோம்' என்று சொல்ல முடிந்தது.

கொடைக்கானலுக்குத் துரைசானியோடு தமிழ் ஆயாக்களும் போனார்கள். அவர்களுக்கு மலை என்பது குளிரில் செய்யும் வேலை. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதும், வெந்நீர் போடுவதும், ராத்திரி விழிப்பதும் சமவெளியில் இருந்ததுபோலவே. தன் பிள்ளையை ஊரில் யாரிடமோ விட்டுவிட்டு வந்திருப்பாள் என்பது மட்டும் கூடுதல். சில ஆயாக்கள் இன்னும் தொலைவு போனார்கள். கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள லண்டன்வரை அழைத்துப் போகப்பட்டு, இறங்கியதும் வேலை முடிந்தது என்று கைவிடப்பட்ட இந்திய, சீன ஆயாக்களுக்காக அங்கே ஓர் ஆயாக்கள் இல்லம் இருந்தது. 1900இல் அது லண்டனின் ஹாக்னி பகுதிக்கு மாறியது. அந்தக் கட்டடத்தில் 2022இல் நீல நிற நினைவுப் பலகை பதித்தார்கள். ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றில் காலடி வைத்த முதல் தலைமுறை இந்தியப் பெண்களில் இவர்கள் உண்டு. அவர்கள் எந்தக் கோட்டையைப் பார்த்தார்கள், எந்தப் பூங்காவில் உட்கார்ந்தார்கள் என்று அவர்களே எழுதிய பயண நூல் எதுவும் நம் கையில் தவழவில்லை. ஒருவருடைய விடுமுறை இன்னொருவருடைய வேலை நாள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

சேவை என்ற பெயரில்

20ஆம் நூற்றாண்டில் பெண்கள் வெளியே போக இன்னொரு காரணம் அனுமதிக்கப்பட்டது. படிப்பும் சேவையும். திண்டுக்கல் பக்கத்தில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு டாக்டர் டி. எஸ். சௌந்தரம். தென்தமிழ்நாட்டில் பேருந்துத் தொழிலைத் தொடங்கி வைத்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறுவயதில் மணமாகி, மருத்துவரான கணவரைப் பிளேக் நோய்க்குப் பறிகொடுத்தார். மூலையில் உட்கார வேண்டிய விதவை டெல்லிக்குப் போனார். லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து 1936இல் பட்டம் பெற்றார். சாதி மறுத்து ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் அவர் ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கும், 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விதவை ஒருத்தி ஊர் ஊராகப் போய்வந்ததை அந்தக் காலம் ஏற்றுக்கொண்டது, அவர் மற்றவர்களுக்காகப் போனார் என்பதால். இது அவருடைய பெருமையைக் குறைப்பதற்காகச் சொல்வதல்ல. நம் சமூகம் பெண்ணின் பயணத்துக்கு முத்திரை குத்தும் முறையைக் காட்டுவதற்காகச் சொல்வது. சாமிக்காகப் போகலாம், நோய்க்காகப் போகலாம், பிள்ளைக்காகப் போகலாம், தேசத்துக்காகப் போகலாம். தனக்காக என்ற வரி அந்தப் பட்டியலில் இல்லை.

விடுப்பு யாருக்கு

1936இல் பிரான்சில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின், தொழிலாளிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சட்டமானது. உழைக்கும் குடும்பங்கள் முதல் முறையாகக் கடலைப் பார்க்கப் போனார்கள். அங்கே விடுமுறை வானத்திலிருந்து விழவில்லை, போராடி வாங்கப்பட்டது. 1948இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் உரிமை என்று எழுதியது. அதே பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும் சொல்லை மாற்றி 'எல்லா மனிதர்களும்' என்று இருக்க வேண்டும் என வாதாடி வென்றவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு என்றது.

சட்டம் தொழிற்சாலையைப் பார்த்தது. திண்டுக்கல் பெண்ணின் வேலை பெரும்பாலும் அதற்கு வெளியே இருந்தது. வீட்டுத் திண்ணையில் சுருட்டும் பீடியும் சுற்றுகிறவள், சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவள், பூக்காட்டில் விடியலுக்கு முன் மல்லிகை பறிக்கிறவள், இவர்களுக்கு 240 நாளை எண்ணுகிறவர் யார்? எண்ணப்பட்ட இடத்திலும் நிலைமை சரியாக இல்லை. நூற்பாலைகளில் மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று வந்த சுமங்கலித் திட்டம், இளம்பெண்களை ஆலை விடுதிக்குள் வைத்துக்கொண்டது. வெளியே போக அனுமதி, பேச அனுமதி, ஊருக்குப் போகப் பண்டிகை. விடுப்பைக் கேட்கும் குரலையே முதலில் பூட்டி வைத்தார்கள்.

அந்தப் பூட்டைத் திறக்கும் முயற்சி ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் தலித் இளம்பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் சங்கமும், ஆலை நிறுவனமும், ஐரோப்பிய ஆடை நிறுவனமும் கையெழுத்திட்ட பாலியல் வன்முறைத் தடுப்பு உடன்பாடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் முழுவதும் அறியப்படுகிறது. அது விடுமுறை பற்றியது அல்ல. ஆனால் மேற்பார்வையாளரிடம் 'முடியாது' என்று பயமில்லாமல் சொல்ல முடிந்த பெண்தான் 'நாளைக்கு வரமாட்டேன்' என்றும் சொல்ல முடியும். ஐரோப்பாவின் பழைய நகரத்துக் கடைத்தெருவில் வசந்த காலச் சட்டையாகத் தொங்குவது இவர்களுடைய வேலைநாள்.

பூட்டிவிட்டுக் கிளம்புதல்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டைத் தாத்தா காலத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புவது, அந்த வீட்டில் சோறு எதிர்பார்த்து யாரும் இல்லாதபோது மட்டுமே பெண்ணுக்கு வாய்க்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. குடும்பத்தோடு சுற்றுலா போனாலும் அது கூடவே வருகிறது. பொட்டலம் கட்டுவதும், பிள்ளைக்கு ஊட்டுவதும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் யார் என்று பார்த்தால் தெரியும். அதனால்தான் பல பெண்கள் 'டூர் போய் வந்து இன்னும் அலுப்பாயிருச்சு' என்கிறார்கள்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எவ்வளவு உதவுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அது சரியான கணக்குதான். 'ஓசி பஸ்' என்று கேலி பேசுகிறவர்களுக்கு எரிச்சல் தருவதோ இன்னொன்று. பெண்கள் காரணமில்லாமலும் ஏறுகிறார்களே என்பது. அந்த எரிச்சலுக்குப் பதிலாக நாம் பயன்களை அடுக்கத் தொடங்கினால், காரணம் சொல்லிவிட்டுத்தான் பெண் பயணிக்க வேண்டும் என்ற பழைய விதிக்கே மறுபடி கையெழுத்துப் போடுகிறோம். காரணமில்லாமல் ஏறுவதும் பயன்தான் என்று சொல்லப் பழக வேண்டும்.

தோழிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு காலையில் திண்டுக்கல் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பத் தொடங்கி, திருமலை நாயக்கர் விரித்து, மைசூர் அரசு பலப்படுத்தி, 1792இல் கும்பினியின் கைக்குப் போன கோட்டை. மேலே ஏறினால் ஒரு பக்கம் சிறுமலை, கீழே ஊர், முகத்தில் காற்று. பீரங்கி மேடையில் உட்கார்ந்து கடலை தின்னலாம். கீழே இறங்கியதும் யாராவது எதற்குப் போனீர்கள் என்று கேட்டால் கோயில் என்றோ, பாடத்துக்கு என்றோ சொல்லாதீர்கள். சும்மா என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை நம் பாட்டிமார் சொல்ல முடியாமல் சாமியின் பெயரால் மதுரைக்குப் போனார்கள். ஆயாக்கள் சொல்ல முடியாமல் வேலையின் பெயரால் கடல் கடந்தார்கள். அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு அது ஓர் முழுப் பதிலாக இருக்கட்டும்.